நகிரிக் கத்தி செய்யும்போது வரும் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேட

சேலத்தில் கத்தி அடிக்க உட்காருகிறவருக்கு இரும்புக்குப் பஞ்சமே இல்லை. லாரித் தொழில் ஊறிய ஊர் இது. பழைய இரும்புக் கடையில் கமான் பட்டை, பேரிங், தேய்ந்த அரம் எல்லாம் எடைபோட்டுக் கிடைக்கும். அரிவாளும் கொடுவாளும் அடிக்கத் தெரிந்த பெரியவர்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஜப்பானிய முறையில் ஒரு சமையல் கத்தி செய்யப் போனால் எங்காவது இடிக்கும். கொடுவாளின் வாய்க்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, மேலே நல்ல சதை இருப்பதால் சூட்டிலோ சாணையிலோ சின்னத் தப்பு நடந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். ஜப்பானியக் கத்தியில் வாயை ஒட்டிய கனம் கால் மில்லிமீட்டர்தான். அங்கே எதையும் மறைக்க முடியாது.

இந்தக் குறிப்பை நகிரியை வைத்து எழுதுகிறேன். காய்கறிக்கென்றே ஜப்பானில் செய்யப்படும் நேர்வாய்க் கத்தி அது. நம் வீட்டுச் சமையலுக்கு அதைவிடப் பொருத்தமான ஜப்பானிய வடிவம் இல்லை என்பது என் எண்ணம். அலகு நீளம் 165 மி.மீ., உயரம் 50 மி.மீ., முதுகின் கனம் கைப்பிடிப் பக்கம் 3 மி.மீ., முனையில் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சாந்தோகு, கியூதோ என்ற மற்ற ஜப்பானியச் சமையல் கத்திகளைச் செய்கிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கத்தியில் தப்பு கண்ணில் படுகிற இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. வெட்டுப்பலகையில் தெரிகிற குறை அநேகமாக உலையிலேயே விழுந்திருக்கும். உலையில் நடந்ததைச் சாணையில் சரிசெய்யப் பார்ப்பதுதான் நேரத்தையும் இரும்பையும் அதிகம் தின்கிறது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் கடைசி வேலையைக் குறை சொல்லாமல் முதல் வேலையிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்: இரும்பு எது, சூடு எவ்வளவு, தோய்ச்சல் (சூடான இரும்பை எண்ணெயில் முக்கி இறுக்குவது) எப்படி, பதம் (இறுகியதைத் தணிந்த சூட்டில் வைத்து நொறுங்காமல் ஆக்குவது) எவ்வளவு, அப்புறம்தான் சாணையும் கல்லும்.

தோய்ச்சல் போட்ட பிறகும் அரம் கடிக்கிறது

தோய்ச்சல் சரியாக விழுந்திருந்தால் புது அரத்தை வாயில் வைத்துத் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடியில் தேய்க்கிற சத்தம் வரும். கடித்து இழுத்தால் வாய் இறுகவில்லை.

முதல் சந்தேகம் இரும்பின் மேலேயே வரட்டும். கட்டடக் கம்பி, சாதாரணப் பட்டை, ஆங்கிள் எதிலும் போதிய கார்பன் கிடையாது. எத்தனை முறை தோய்த்தாலும் இறுகாது. சேலம் உருக்காலை இருக்கிற ஊர் என்பதால் சிலர் எவர்சில்வர் தகட்டில் முயற்சி செய்கிறார்கள். பாத்திரத்துக்குப் போகும் 304 வகைத் தகட்டில் கார்பன் 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்காது. சூடுபடுத்தித் தோய்த்து அதை இறுக்க வழியே இல்லை. சாணையில் ஒரு நொடி தேய்த்துப் பொறியைப் பாருங்கள். நீளமாக, கிளை இல்லாமல் ஓடும் பொறி என்றால் கார்பன் குறைவு. சாணைக்குப் பக்கத்திலேயே பூத்து நிறையக் கிளைவிட்டு வெடித்தால் கார்பன் உண்டு.

பேரிங் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நல்ல பந்து பேரிங் வளையம் அநேகமாக 52100 வகை எஃகு. நம் கடைகளில் இ.என். 31 என்று சொன்னால் தெரியும். கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம் வாக்கில் இருக்கும், நகிரிக்கு அருமையான இரும்பு. ஆனால் லாரிச் சக்கரத்திலிருந்து கழற்றி வரும் கூம்பு உருளை பேரிங்குகளில் பல, மேல்தோல் மட்டும் கார்பன் ஏற்றப்பட்டவை. உள்ளே மெது இரும்பு. அடித்து நீட்டினால் இரண்டும் கலைந்து எங்கே இறுகும், எங்கே இறுகாது என்றே சொல்ல முடியாது. வாங்கியதும் ஒரு துண்டை வெட்டி, சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, வைஸில் பிடித்து முறித்துப் பாருங்கள். முறிந்த முகம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஓரம் ஒரு நிறமும் நடு ஒரு நிறமுமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரும்பு சரி என்றால் அடுத்தது சூடு. 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். ஒரு கம்பியில் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டுத் தொட்டுப் பார்த்தால் தெரியும். பலர் காந்தம் விட்டவுடனே எண்ணெயில் இறக்கிவிடுகிறார்கள். அது போதாது. அரத்து இரும்புக்கு 800 டிகிரியாவது வேண்டும். பேரிங் இரும்புக்கு 830, 840 வரை போய், அந்தச் சூட்டிலேயே சில நிமிடம் நிற்கவும் வேண்டும்; குரோமியத்தோடு கட்டிக்கிடக்கும் கார்பன் அப்போதுதான் அவிழ்ந்து கரையும். கரி உலையில் இப்படி நிறுத்திவைப்பது கஷ்டம். கனமான இரும்புக் குழாயை உலைக்குள் படுக்கவைத்து, அலகை அதற்குள் விட்டுச் சூடேற்றினால் வாய் முதல் முதுகு வரை ஒரே நிறம் வரும், ஊதுகாற்றும் நேராகப் படாது. துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் எடுக்காதீர்கள், அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது.

நிறத்தைப் பார்க்க இருட்டு வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டறை ஆசாரி இதைத்தான் முதலில் சொல்லுவார்: "வெயில்ல பாத்தா நெருப்பு பொய் சொல்லும் தம்பி, பொழுது சாயட்டும்." ஜப்பானியக் கொல்லர்களும் தோய்ச்சலுக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஏப்ரல் மாதச் சேலத்து நடுப்பகலில் செஞ்சூடு கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊதுவோம், சூடு எகிறிப்போயிருக்கும்.

அடுத்தது எண்ணெய். கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ போதும். 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். ஆறிய எண்ணெய் தடித்துக் கிடக்கும், கத்தியிலிருந்து வெப்பத்தை மெதுவாகத்தான் பிடுங்கும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அதன் புகை நல்லதல்ல. உலைக்கும் எண்ணெய்க்கும் நடுவே எட்டி நடக்கிற தூரம் இருக்கக்கூடாது. மெல்லிய வாய் காற்றில் ஓரிரு நொடியிலேயே கறுத்துவிடும். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு இரும்பு மூடி பக்கத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் அரம் கடித்தால் மேல்தோலைப் பாருங்கள். நெருப்பில் நேரம் கழித்த இரும்பின் மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோயிருக்கும். கால் மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு மறுபடி அரம் வையுங்கள். வழுக்கினால் கவலையே இல்லை, கத்தி இறுகித்தான் இருக்கிறது.

எண்ணெயிலிருந்து எடுத்தால் கத்தி வளைந்திருக்கிறது

நகிரியில் அதிகம் வருவது இதுதான். அகலமான, மெல்லிய அலகு. வளையாமல் வந்தால்தான் ஆச்சரியம். அதனால் வளைவைத் தடுக்கிற வேலை, எடுக்கிற வேலை இரண்டையும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

வளைவு மூன்று இடங்களில் பிறக்கிறது. சுத்தியால் அடித்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் ஒன்று. இதற்குத் தோய்ச்சலுக்கு முன் மூன்று முறை ஆற்றி எடுக்க வேண்டும்: முதல் முறை 870 டிகிரி வாக்கில், அடுத்தது 815, அப்புறம் 760, ஒவ்வொரு முறையும் காற்றில் தானாகக் கறுத்து ஆற விடுங்கள். இரண்டாவது, தோய்ச்சலுக்கு முன்பே ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்திருப்பது. மெல்லிய பக்கம் முதலில் ஆறி மற்றப் பக்கத்தை இழுக்கும். காலிபரை வைத்து இரண்டு முகமும் நடுக்கோட்டிலிருந்து ஒரே அளவா என்று பாருங்கள். மூன்றாவது, எண்ணெயில் இறக்குகிற விதம். நேர் செங்குத்தாக இறக்கி, வெட்டுகிற திசையில் முன்னும் பின்னும் ஆட்டலாம். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு முகம் வேகமாக ஆறிக் கத்தி அந்த இடத்திலேயே திரும்பிக்கொள்ளும்.

வளைந்துவிட்டதா? கொஞ்சம் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. எண்ணெயில் நிறம் போய்ச் சில நொடிகள் ஆனதும் வெளியே எடுத்தால் அலகு இன்னும் 200 டிகிரிக்கு மேலே இருக்கும், முழுதாக இறுகியிருக்காது. தோல் கையுறை போட்டுக்கொண்டு முதுகை ஒரு கண்ணால் நேர்பார்த்து, இரண்டு நேரான கட்டைகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். ஈயக்கம்பி வளைகிற சுலபத்தில் வளையும். விரலுக்கு எதிர்ப்புக் கூடிக்கொண்டே வருவது கையில் தெரியும். அது தெரிந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் இரண்டு துண்டுதான்.

அந்த நேரம் தவறினால் பதம் போடும்போது எடுக்கலாம். கனமான நேர்ப்பட்டை ஒன்றில் கத்தியை வைத்து, வளைவின் முட்டும் பக்கம் மேலே பார்க்கும்படி, இரண்டு ஓரத்துக்கும் கீழே ஆளுக்கொரு ஒரு ரூபாய் நாணயம் கொடுத்து, நடுவில் கிளாம்ப் போட்டு மெதுவாக இறுக்குங்கள். நேராவதைத் தாண்டிக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகட்டும். அப்படியே அடுப்பில் 180 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஆறிய பிறகுதான் கிளாம்பைக் கழற்ற வேண்டும். முதல் பதம் போடாத கத்தியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பதம் ஒருமுறை போட்டுவிட்டு, இரண்டாவது பதத்தில் செய்யுங்கள்.

சாணை முடிந்த பிறகு தெரிகிற வளைவுக்கு ஜப்பானியப் பட்டறைகளில் சுத்தியையே எடுக்கிறார்கள். குழிந்த பக்கத்தை மேலே வைத்து, கூர்முனைச் சுத்தியால் அருகருகே சிறு புள்ளிகளாகத் தட்டினால் அந்த முகம் நீண்டு வளைவு எடுபடும். நடுவில் வன்எஃகும் இரண்டு பக்கமும் மெது இரும்பும் வைத்து ஒட்டிய கத்தியில் இது நன்றாக வரும். ஒரே இரும்பில் செய்து முழுதாக இறுக்கிய நகிரியில் எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை.

எண்ணெயில் இறக்கியதும் "டிக்" என்று ஒரு சத்தம்

அது விரிசல். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தூவினால் கொஞ்ச நேரத்தில் கோடு ஊறிக் காட்டும். வாயில் ஓரிரு மி.மீ. மட்டும் என்றால் தேய்த்துக் கத்தியைச் சின்னதாக்கலாம். முதுகை நோக்கி ஏறியிருந்தால் போட்டுவிட வேண்டியதுதான். விரிசல் விட்ட கத்தியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்த கத்திக்குச் செய்ய வேண்டியவை: தோய்ச்சலுக்கு முன் வாயை 1 மி.மீ.க்குக் கீழே தேய்க்காதீர்கள். வாய்க்குக் குறுக்கே ஓடும் சாணைக் கீறல்கள் ஒவ்வொன்றும் விரிசலுக்கு விதை. 120 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து அவற்றை எடுத்துவிடுங்கள். கமான் பட்டையிலும் பேரிங்கிலும் தண்ணீர் தோய்ச்சல் போடவே வேண்டாம். ஷிரோகாமி என்ற ஜப்பானிய வெள்ளைத்தாள் எஃகைத் தண்ணீரில் தோய்க்கிறார்களே என்றால், அதில் கார்பனைத் தவிர வேறு கலப்பு மிகக் குறைவு, வேகமாக ஆறினால்தான் இறுகும். அதிலும் உடைகிற கத்திகள் உண்டு.

கமான் பட்டையில் இன்னொன்று: லாரியில் ஓடிக் களைத்த பட்டைக்குள் முன்பே முடி விரிசல் இருக்கலாம். அதே மண்ணெண்ணெய்ச் சோதனையை அடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

விரிசல் சுத்தியடியிலேயே வந்தால், ஓரம் உதிர்ந்து நொறுங்கினால், சூடு மீறிவிட்டது. கார்பன் ஏற ஏற இரும்பு வெண்சூட்டைத் தாங்காது. இது நம் மண்ணுக்குப் பழைய செய்தி. கஞ்சமலை இரும்புத்தாது கிடைக்கும் இந்த வட்டாரத்தில் மூசையில் வைத்து உருக்கிய உருக்குக்குக் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல். அத்தகைய உருக்கை வாங்கிப் போன ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் பழக்கப்படி வெண்சூட்டில் அடித்தார்கள், அது நொறுங்கிப்போனது. தணிந்த செஞ்சூட்டில் பொறுமையாக அடித்தவர்கள் கையில்தான் அது வாளானது. பேரிங்கையும் அரத்தையும் ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள், மஞ்சளைத் தாண்ட விடாதீர்கள். சிவப்பு மங்கியதும் மறுபடி உலைக்குப் போகட்டும்.

வாயில் பல் விழுகிறது

வெட்டிக்கொண்டிருக்கும்போதே வாயிலிருந்து சில்லு பெயர்ந்து சின்னச் சின்னப் பள்ளம் தெரியும். உடனே "இரும்பு சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 6 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை வைஸில் படுக்கவையுங்கள். வாயை அதன்மேல் கூர்தீட்டும் கோணத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தபடி லேசாக அழுத்தி இழுங்கள். நல்ல வாய் கம்பியின்மேல் கொஞ்சம் நெளிந்து, விட்டதும் திரும்பிவிடும். நெளிந்தது நெளிந்தபடியே நின்றால் மெது. நெளியாமல் சில்லு தெறித்தால் இறுக்கம் அதிகம்.

தெறித்தால் முதலில் கேட்க வேண்டியது: பதம் போட்டீர்களா, எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம்? தோய்ச்சல் முடிந்த கத்தி கண்ணாடி நிலையில் இருக்கிறது. 180 முதல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் கொடுத்தால்தான் அது கத்தி. வீட்டு மின்அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அதன் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தட்டில் மணல் பரப்பிக் கத்தியை அதில் புதைத்து, தெர்மாமீட்டரை மணலுக்குள் குத்தி வையுங்கள். மெருகேற்றிய இடத்தில் வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் 200 டிகிரியைத் தொட்டிருக்கிறது. பதம் குறைவாக இருந்தது என்றால் இப்போதும் போடலாம், கத்தி வீணாகவில்லை.

பதம் சரியாக இருந்தும் சில்லு விழுந்தால் கெட்ட செய்தி: இரும்பின் குருணை பெருத்திருக்கிறது. சூடு மீறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும், பெரிய குருணை இரும்புக்கு வலு கிடையாது. அதே பட்டையில் அதே நாளில் தோய்த்த சிறு துண்டு ஒன்றை முறித்துப் பாருங்கள். இதற்காகவே ஒவ்வொரு கத்தியோடும் விரலளவு துண்டு ஒன்றைக் கூடவே சூடேற்றி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். முறிந்த முகம் ரவையைத் தூவி வைத்ததுபோல் மினுமினுத்தால் குருணை பெரிசு. மினுக்கமே இல்லாமல் மங்கிய சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தனித்தனியாக எதுவும் தெரியாமல் இருந்தால் அருமை. பெருத்த குருணையைச் சாணையோ கல்லோ திருத்தாது. வளைவுக்குச் சொன்னபடி மூன்று முறை சூடாக்கி ஆற்றி எடுத்து, மறுபடி தோய்ச்சல், மறுபடி பதம். அலகில் இன்னும் சதை இருந்தால் செய்யலாம். கால் மி.மீ.க்குத் தேய்த்து முடித்த கத்தியை உலையில் வைத்தால் சேமியாவாகத் திரும்பி வரும், அது வேண்டாம்.

குருணையும் சரி, பதமும் சரி என்றால் கோணம். ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி என்று படித்துவிட்டு அப்படியே தீட்டுகிறோம். 1000 எண் கல்லில் 15 டிகிரிக்குத் தீட்டிவிட்டு, கடைசியில் நைசான கல்லில் 20 டிகிரியில் நாலு இழுப்பு கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு சரிவு வாயைக் காப்பாற்றும். புதுக் கத்தியில் முதல் இரண்டு மூன்று தீட்டலுக்குள் சில்லு விழுவது தானாக நின்றுபோவதும் உண்டு. சாணையில் சூடுபட்ட ஓரம் தீர்ந்து நல்ல இரும்பு வாய்க்கு வந்திருக்கும்.

பயன்படுத்துகிறவர்களிடமும் பேசுங்கள். தேங்காய் உடைக்க, எலும்பு வெட்ட, பரங்கிக்காயில் குத்தி முறுக்கிப் பிளக்க இந்தக் கத்தி இல்லை. கிரானைட் மேடையின் மேல் வெட்டினால் எந்த வாயும் நிற்காது. புளியமரக் கட்டை இருக்கும் வீட்டில் நகிரி சுகமாக வாழும்.

வாய் மடங்கிப்போகிறது

பித்தளைக் கம்பியில் நெளிந்தபடியே நின்ற கத்தி இது. முழு நீளமும் மடங்கினால் தோய்ச்சல் விழவில்லை, முதல் தலைப்புக்குத் திரும்புங்கள். ஒரே ஒரு இடம், விரலகலம் மட்டும் மடங்கினால் சாணையில் எரித்திருக்கிறீர்கள். பதம் போட்ட பிறகு வாய் 200 டிகிரியைத் தாண்டினால் இறுக்கம் இறங்கத் தொடங்கும். நீலம் தெரிந்தால் 300 வரை போய்விட்டது என்று பொருள். நீலத்தை உப்புத்தாளால் தேய்த்து அழிக்கலாம், இளகிய இரும்பு அங்கேயேதான் இருக்கும். அந்த இடம் தீரும்வரை வாயைப் பின்னுக்குத் தேய்க்க வேண்டும். இனிமேல் பதத்துக்குப் பிறகு கையுறை இல்லாமல் சாணை பிடியுங்கள், விரல் சுடும் முன் தண்ணீரில் முக்குங்கள். முகமூடி மட்டும் கட்டாயம்.

கமான் பட்டைக் கத்தி என்றால் ஒரு எல்லை உண்டு. கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் ஜப்பானியக் கத்திகளின் 62, 63 ராக்வெல் (இறுக்கத்தை அளக்கும் அளவுகோல்) இறுக்கம் அதில் வராது. 57, 58 என்று நில்லுங்கள். அதை மெல்லிய வாயாக்கினால் மடங்கத்தான் செய்யும். கோணத்தை 17, 18 டிகிரி ஆக்கி, உறுதியான வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல கத்திதான், ஆனால் வேறு கத்தி.

முகத்தில் அலைக்கோடு வரவில்லை

களிமண் பூசித் தோய்த்தும் ஹமோன் என்ற அந்த அலைக்கோடு தெரியவில்லை என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கமான் பட்டையிலோ பேரிங்கிலோ முயன்றிருப்பார்கள். குரோமியம், மாங்கனீசு கலந்த இரும்பு ஆழம்வரை இறுகும், கோடு விழாது. பழைய நல்ல அரத்திலோ ஷிரோகாமியிலோ செய்து பாருங்கள்.

கூராக இருக்கிறது, ஆனால் கேரட் வெட்டினால் "பட்"டென்று பிளக்கிறது

முடி வெட்டுகிற அளவுக்குக் கூர் இருக்கும். தக்காளியில் இறங்கும். கேரட்டிலோ சேனைக்கிழங்கிலோ பாதி தூரம் போய் ஆப்பு அடித்து நின்றுவிடும், மீதி தானாகப் பிளக்கும். இதற்குக் கூர் தீட்டித் தீட்டிப் பார்ப்பதில் பயனில்லை. கூருக்கு மேலே இருக்கும் கனம்தான் வழியை அடைக்கிறது.

காலிபரை எடுங்கள். வாயிலிருந்து 1 மி.மீ. மேலே 0.3 மி.மீ., 10 மி.மீ. மேலே 1.2 மி.மீ. இதைத் தாண்டியிருந்தால் தேய்க்க வேண்டும். முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, 220 எண் கல்லில் அலகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, 3, 4 டிகிரிக்கு மேல் தூக்காமல் இழுங்கள். மை எங்கே போகிறதோ அங்கேதான் தேய்கிறது. தோள்பட்டை, அதாவது சரிவும் முகமும் சந்திக்கும் மேடு கரைந்து லேசான குவிவாக மாற வேண்டும். தட்டையாக்கிவிடாதீர்கள், தட்டையான பளபளப்பு முகத்தில் உருளைக்கிழங்கு வில்லைகள் அப்பிக்கொள்ளும். இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். கத்தி நிஜமாகவே ஜப்பானியக் கத்தியாக மாறுவது இந்த வேலையில்தான் என்று நான் நினைக்கிறேன், வடிவத்தாலோ கைப்பிடியாலோ இல்லை.

வெண்டைக்காய் முழுதாக அறுபடாமல் சரமாக வருகிறது

வாயின் நீளத்தில் எங்கோ ஒரு பள்ளம். கண்ணாடித் துண்டின்மேல் வாயை நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் ஒழுகுகிற இடம் பள்ளம். கைப்பிடிக்குப் பக்கத்து மூலையில்தான் பெரும்பாலும் இருக்கும், சாணையில் கை அங்கே தயங்கி நிற்பதால். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டுகிற மாதிரி கல்லில் முன்னும் பின்னும் தேய்த்து வாயையே மொட்டையாக்குங்கள். வெளிச்சம் ஒழுகாமல் ஆனதும் முதலிலிருந்து கூர் தீட்ட வேண்டும். மனசு வராதுதான், குறுக்கு வழி கிடையாது.

தீட்டினால் பிசிறு வரவில்லை, வந்தால் போகவில்லை

பிசிறு, அதாவது தீட்டும்போது வாயின் மறுபக்கம் எழும் மெல்லிய இரும்பு மடிப்பு, வரவில்லை என்றால் நீங்கள் வாயைத் தொடவே இல்லை, மேலே எங்கோ தேய்க்கிறீர்கள். மார்க்கர் சோதனை இங்கேயும் உதவும். அல்லது கல் நடுவில் குழிந்திருக்கும். தடித்த கண்ணாடியில் ஈரமான உப்புத்தாளை ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சில் கட்டங்கள் போட்டு, கட்டங்கள் மறையும்வரை தேய்த்துச் சமமாக்குங்கள். வந்த பிசிறு பக்கம் மாறி மாறித் தொங்கினால் அழுத்தம் அதிகம். கத்தியின் எடை மட்டும் படும்படி, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் மென்மரக் கட்டையின் நுனியில் வாயை ஒருமுறை இழுங்கள்.

யானகிபா, தெபா போன்ற ஒருபக்கச் சரிவுக் கத்திகளில் பின்முகம் லேசாகக் குழிந்திருக்கும். பிசிறை எடுக்கும்போது அந்த முகத்தைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்து இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவுதான். தூக்கினால் கெட்டது, அதிகம் தேய்த்தால் குழிவே போய்விடும்.

கைப்பிடி ஆடுகிறது, அல்லது பூண் வெடிக்கிறது

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் ஜப்பானியக் கைப்பிடிக்குப் பொருத்தமானது. ஜப்பானில் பயன்படுத்தும் ஹோ மரத்தைப்போல லேசானது, அதனால் எடை அலகின் பக்கம் நிற்கும். காபிச் செடியின் கட்டையும் அழகாக வரும். ஆனால் உலரும்போது வெடிக்கிற குணம் அதற்கு உண்டு, முனைகளில் மெழுகு தடவி மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

மலைக்கும் ஊருக்கும் ஈரப்பதம் வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தில் செதுக்கிப் பூண் மாட்டிய கைப்பிடி, சேலத்துச் சித்திரை வெயிலுக்கு இறங்கினால் சுருங்கும், பூண் கழன்று விழும். சேலத்தில் காய்ந்து கிடந்த மரத்தில் இறுக்கிச் செய்து மலைக்கு அனுப்பினால் மரம் ஊதி எருமைக்கொம்புப் பூணை வெடிக்கவைக்கும். கத்தி எங்கே புழங்கப் போகிறதோ அங்கே மரத்தைச் சில வாரம் வைத்திருந்து அப்புறம் செதுக்குங்கள். கொம்புக்குப் பதில் வெள்ளிப் பூணும் போடலாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை தெரிந்தவரிடம் அளவு கொடுத்தால் தகட்டை வளைத்து, இணைப்பே தெரியாமல் பற்றவைத்துத் தருவார்கள். வெள்ளி கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும், கொம்பு கொடுக்காது.

வால், அதாவது அலகில் கைப்பிடிக்குள் போகும் பகுதி, ஆடினால் துளை பெரிசு. துளையைச் சிறிதாகப் போட்டு, வாலை மட்டும் மங்கிய சிவப்பாகச் சூடாக்கி உள்ளே இறக்கிச் சுட்டு இடம் பண்ண வேண்டும். அப்போது அலகை ஈரத்துணியால் சுற்றி வையுங்கள், சூடு ஏறி இறுக்கம் இறங்கிவிடக்கூடாது. ஏற்கெனவே பெரிதாகிப்போன துளைக்கு அரக்கையோ எபாக்ஸியையோ நிரப்புங்கள்.

விரலில் காய் காய்க்கிறது என்று யாராவது சொன்னால் முதுகின் விளிம்பையும் கைப்பிடிப் பக்கத்து மூலையையும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் கத்தியைக் கொடுத்தனுப்புவது நியாயமில்லை.

வாழைப்பூ கறுக்கிறது, கத்தியில் துரு பிடிக்கிறது

முதலாவது பிழையே இல்லை. வாழைப்பூ, வாழைக்காய், மாங்காய் இவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். புதுக் கத்தியில்தான் அதிகம். சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை நீக்கி, திக்கான சூடான காபி டிகாக்‌ஷனில் அலகை மணிக்கணக்கில் முக்கி வைத்தால் சாம்பல் கலந்த கருமை படரும். அந்தப் படலம் ஏறிய பிறகு காயும் அதிகம் கறுக்காது, துருவும் சீக்கிரம் வராது. மாம்பழ சீசனுக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

கருமையும் நீலமும் இருக்கட்டும், ஆரஞ்சு நிறம் மட்டும் இருக்கக்கூடாது. நைசான உப்புத்தாளில் எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். கடலை எண்ணெயும் சூரியகாந்தியும் நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் காய்ந்துபோகும், தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது. மலையில் இருப்பவர்கள் தோலுறைக்குள் கத்தியை வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் படுகிற மரச் சட்டத்தில் செருகி வைப்பது மேல்.